முக்கால் அங்குலம் ஏமாற்றியது, நாலு மில்லிமீட்டர் காப்பாற்றியது: என் முதல் ஓவர்-அண்டர்

வணக்கம் மக்களே! இன்றைக்கு, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டுக்கு நான் வாங்கிய துப்பாக்கியின் கதை. எனக்குப் பின்னால் துப்பாக்கி அலமாரி பூட்டியிருக்கிறது, ஆனால் இந்த முறை அது காலி இல்லை. போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து அந்த அலமாரியைச் சுவரோடு ஆட்டிப் பார்த்த வீடியோ நினைவிருக்கும். இங்கே பிரிட்டனில் ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகள் சிதறும் துப்பாக்கி) வைத்திருக்கச் சான்றிதழ் வேண்டும்; அது கைக்கு வந்தும் இத்தனை மாதம் கிளப் துப்பாக்கியைத்தான் இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று வந்துவிட்டது. மிரோக்கு கம்பெனியின் எம்.கே.38 டிராப், ஓவர்-அண்டர் என்ற இரட்டைக் குழல் வகை, 12 போர் (குழல் விட்டத்தின் அளவு), 30 அங்குலக் குழல், பழையது. 850 பவுண்டு.

வாங்கின கதைக்கு முன்னால், வாங்காமல் வந்த கதை ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கடையில் இருக்கும் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐந்தடி பத்து ஆணுக்குச் செய்தவை. டிரிகரிலிருந்து தோளில் படும் முனை வரை பதினாலரை, பதினாலே முக்கால் அங்குலம் இருக்கும். எனக்குப் பதினாலுக்கு மேல் போனால் சரிவராது. தோளில் வைக்கும் மரக்கட்டை தோள்குழியில் உட்காராமல் கைப்பக்கம் நழுவும். நூறு தோட்டா சுட்டு வந்த அன்று என் கையில் இருந்த நீலத் தழும்பைப் பார்த்து நீங்கள் கமென்டில் பதறினீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

அதனால் விளம்பரத்தில் "14 அங்குலம்" என்று பார்த்ததும் கடைக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், 14 தான் என்றார்கள். வோக்கிங்கிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டிப் போனேன். தோளில் சாத்தியதுமே தெரிந்துவிட்டது. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தால் பதினாலே முக்கால்! "நாங்கள் மரத்தை மட்டும்தான் அளப்போம், ரப்பர் பேடு சேராது" என்கிறார் கடைக்காரர். அந்த ரப்பர் என் கட்டைவிரல் அகலம் இருந்தது. துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது ரப்பரைக் கழற்றி வீட்டிலா வைத்துவிட்டு வருவேன்? கட்டையை வெட்டிக்கொள்ளலாமே என்றார். வெட்டலாம், ஆனால் விலை 1,400, அதற்கு மேல் வெட்டுக்கூலி. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பி வருகிற இரண்டு மணி நேரமும் பாட்டுக்கூடப் போடவில்லை.

தயவுசெய்து, பழையது வாங்குகிறீர்கள் என்றால் டேப்பை வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். டிரிகரின் நடுவிலிருந்து ரப்பரின் நடு வரைக்கும். போட்டோ அனுப்ப மறுக்கிற கடைக்குப் போக வேண்டாம்.

சரி, ஏன் ஓவர்-அண்டர் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு குழல் மேலே, ஒரு குழல் கீழே. பக்கம் பக்கமாக இரண்டு குழல் இருக்கும் பழைய வகையில் கண்ணுக்கு முன்னால் அகலமாக இரும்பு நிற்கும். இதில் ஒற்றை வரிதான். முதலில் வெடிக்கிற கீழ்க்குழல் கட்டைக்கு நேர்க்கோட்டில் இருப்பதால் உதை நேராகப் பின்னால் வருகிறது, வாய்ப்பகுதி அவ்வளவாகத் துள்ளாது. இரண்டாவது தோட்டாவுக்கு அது பெரிய உதவி. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோ எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காலித் தோட்டா பக்கத்தில் நிற்கிறவர் மேல் பறக்கும். ஓவர்-அண்டரை மடித்துத் திறந்து கையில் போட்டிருந்தால் இருபது அடி தள்ளி நிற்கிறவருக்கும் அது காலி என்று தெரியும். எனக்கு அந்த நிம்மதி வேண்டும்.

விலகிப் பறக்கும் தட்டைச் சுடுகிற போட்டிக்கு டிராப் என்று பெயர். அதில் நான் சுடுவது டவுன் த லைன் என்ற வகை, இங்கே டி.டி.எல். என்பார்கள். முன்னால் தட்டெறியும் எந்திரம் ஒரே ஒன்று, அதற்கு 16 கெஜம் பின்னால் நின்று சுட ஐந்து நிலைகள், ஆளுக்கு 25 தட்டு. முதல் தோட்டாவில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் 2. ஒலிம்பிக் டிராப் வேறு மாதிரி. அதில் பள்ளத்துக்குள் 15 எந்திரங்கள், எது எறியும் என்று தெரியாது, தோட்டாவில் 24 கிராம் ஈயம்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த டிராப்பில் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் எங்கள் புதுக்கோட்டைக்காரர். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா "நீ சுடுகிறது அந்த விளையாட்டா?" என்று கேட்டு, போனில் திட்டுவதை நிறுத்தினார்.

டிராப்பில் தட்டு எப்போதும் நம்மை விட்டு விலகி, மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் டிராப் துப்பாக்கியைக் கொஞ்சம் மேலே சுடும்படிதான் செய்வார்கள். தட்டைக் குழலால் மறைக்காமல், அதன் அடியில் வைத்தே சுடலாம். கனமும் வேண்டும். கிளப்பில் இரவல் வாங்கிய பெரெட்டா சில்வர் பிஜன் அழகுதான், ஆனால் 28 அங்குலம், லேசானது, மதியத்துக்குள் தோள் வலிக்கும். அதிலேயே பெண்களுக்கென்று விட்டோரியா என்று ஒரு வகை வருகிறது. சீசர் குவெரினியின் சைரனும் அப்படித்தான். இரண்டையும் சாத்திப் பார்த்தேன், பொருத்தம் அருமை, விலை எனக்கு எட்டவில்லை. பெராட்ஸி எம்.எக்ஸ்.8 பற்றிக் கேட்காதீர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி வந்த வடிவம், இன்றைக்கும் செய்கிறார்கள். பிசிலி சுடுதளத்தில் ஒருவர் என் கையில் கொடுத்தார், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

மிரோக்கு ஜப்பானில் கோச்சி மாநிலத்தில் செய்வது. நம் பக்கத்துக் கொச்சி இல்லை. பிரவுனிங் பெயரில் வரும் பல ஓவர்-அண்டர்களும் அதே ஆலையில் பிறந்தவைதான். இந்த 850 பவுண்டுத் துப்பாக்கி ஏன் மலிவு தெரியுமா? யாரோ கட்டையை ஏற்கெனவே வெட்டியிருக்கிறார்கள். பதிமூன்றே முக்கால், ரப்பரையும் சேர்த்து! வெட்டிய கட்டை என்றால் யாரும் தொடமாட்டார்கள், கடையில் ஒரு வருஷமாக நின்றதாம். எனக்கென்றே வெட்டி வைத்த மாதிரி இருந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோல் இன்னும் வலப்பக்கம்தான் நின்றது. தேயத் தேய அது நடுவுக்கு வந்து இடப்பக்கம் போகும். குழலுக்குள் வெளிச்சம் பார்த்தேன், ஒளி வளையங்கள் நெளியாமல் வட்டமாக இருந்தன, அதாவது குழலில் நசுங்கல் இல்லை.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். லில்லிப் பூ! குழலின் அடியில் சின்னதாக லில்லிப் பூ முத்திரை இருக்கிறதா பாருங்கள். எஃகுத் தோட்டாவுக்கான கூடுதல் சோதனையில் அந்தத் துப்பாக்கி தேறியது என்பதற்கு அதுதான் அடையாளம். ஈயத் தோட்டாவுக்குத் தடை வரும் என்று 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்துவிட்டது, மாறிக்கொள்ள மூன்று வருஷம் தருவார்கள். பழைய டிராப் துப்பாக்கிகள் பலவற்றில் சோக் (குழல்வாயின் குறுக்கம்) முக்கால், ஃபுல் என்று இறுக்கமாக, மாற்ற முடியாதபடி இருக்கும். அரை சோக்கைவிட இறுக்கமென்றால் எஃகு வேண்டாம் என்பது இங்கே பொதுவான அறிவுரை. என்னுடையதில் பூவும் இருக்கிறது, சோக்கையும் கழற்றி மாற்றலாம். அதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

முதல் சனிக்கிழமை 25-க்கு 17. தவறியவை எல்லாமே தட்டுக்கு அடியில் போயின. கிளப்பில் ஒரு பெரியவர், "உன் கன்னம் பள்ளத்தில் கிடக்கிறது" என்றார். எதிரே வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் 40 கெஜத்திலிருந்து ஒன்று சுட்டேன். குறிக்கு ஐந்தாறு அங்குலம் கீழே கறுப்பாக அப்பியிருந்தது. கன்னத்தைக் கட்டையில் வைத்துத்தான் பார்க்கிறோம்; ஷாட்கன்னில் கண்தான் பின்குறி, கன்னம் தாழ்ந்தால் கண் தாழும், கண் தாழ்ந்தால் சுடுவதும் தாழும். கண்ணிலிருந்து குழல்வாய் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர், தகடு 36 மீட்டர் தள்ளி. ஆகவே கன்னத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அங்கே மூன்றரை சென்டிமீட்டர் உயரும்.

கட்டையில் கன்னம் படும் இடத்தை உயர்த்த 12 பவுண்டுக்கு ஒட்டும் நுரைப்பட்டை வாங்கினேன். முதலில் 2 மில்லிமீட்டர். தகட்டில் கறுப்பு மேலே வந்தது, ஆனால் போதவில்லை. அதன் மேல் இன்னொரு 2. ஒட்டும்போது ஓரத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி விரலால் அழுத்தினேன், இல்லையென்றால் தோளில் சாத்தும்போது உரிந்து வந்துவிடும். மூன்றாவது தடவை கறுப்பு குறிக்கு நேராக வந்தது. கத்திவிட்டேன், வீடியோவில் கேட்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் 25-க்கு 22. நாலாவது நிலையில் ஒரு தட்டு முழுசாகப் புகையாகப் போனது, துண்டே இல்லை. அதை மட்டும் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன், பாருங்கள்.

டிராப்புக்கு நேர்குறியும் போதாது, இன்னும் கொஞ்சம் மேலே வேண்டும் என்கிறார் அந்தப் பெரியவர். பெட்டியில் ஒரே ஒரு 2 மில்லிமீட்டர் பட்டை மிச்சம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஒட்டிப் பார்த்துவிட்டு, தகட்டின் போட்டோவோடு வருகிறேன்.