அப்பாவின் ஹெரால்டு, 12 சென்டிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதற்குள் 17 பிளாஸ்டிக் ஸ்பூன்கள் செருகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயிண்ட். சிலது நீலம், சிலது பச்சை, சிலது இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஸ்பூனைப் பார்ப்பார்கள், அப்புறம் என் மனைவியைப் பார்ப்பார்கள். "அவரையே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கேட்டால் சொல்லவேண்டியதுதானே? அந்த 17 ஸ்பூனும் ஒரே ஒரு காருக்காக. அந்தக் காரின் நீளம் 12 சென்டிமீட்டர்.

கார் மாடல் செய்து, பெயிண்ட் அடித்து, அலமாரியில் வைத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கடையில் வாங்கும் பொம்மைக் கார் இல்லை. அது செய்து முடித்தே வருகிறது. நான் சொல்வது கிட். பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் இருக்கும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். சக்கரம், சீட்டு, ஸ்டீயரிங், பம்பர் எல்லாம் கிளையில் காய்த்த காய் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, காம்பு இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, ஒட்டவேண்டும். ஒட்டுகிற திரவம் பசைகூட இல்லை. அது பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்துவிடும். வெல்டிங் மாதிரி. தப்பாக ஒட்டினால் பிரிக்க முடியாது என்பதும் வெல்டிங் மாதிரியேதான்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். கார் மாடல்களில் அதிகம் புழங்குவது 1/24. அசல் காரில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். 1/43 என்று இன்னொன்று உண்டு. இதென்ன கணக்கு என்று தோன்றும். பொம்மை ரயில் செய்த பிரிட்டிஷ்காரர்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே கணக்கில் கலக்க அவர்களால்தான் முடியும். அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தச் செய்த கார்கள் அதே அளவில் நின்றுவிட்டன. என் கார் 1/32.

கார் எது என்று சொல்லவில்லையே. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என் அப்பா அறுபதுகளில் வாங்கி ஓட்டியது. நான் பிறப்பதற்கு முன்பே விற்றுவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ மட்டும். அம்மா பானட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறார்.

இளைய நேயர்களுக்காக: ஹெரால்டு சென்னையின் சொந்தக் கார். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதன் பானட்டைத் திறந்தால் மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்தே முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். மெக்கானிக்குகள் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் பார்ப்பார்களாம்.

இந்தக் காரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. சரி என்று, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனியாக இருக்கும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மற்ற கம்பெனிகள் சேஸிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. துண்டாக இருந்ததால் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே பூட்டிக்கொள்வதும் சுலபமாகிவிட்டது. அதாவது அசல் காரே ஒரு கிட்தான்.

என் கிட்டைச் செய்தது ஏர்ஃபிக்ஸ். இந்தக் கம்பெனி 1939-ல் லண்டனில் காற்றடைத்த ரப்பர் பொம்மை செய்யத் தொடங்கியது. பெயரில் ஏர் இருப்பது விமானத்தால் அல்ல. நாற்பதுகளின் கடைசியில் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி, தன் விற்பனையாளர்கள் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒரு சின்ன டிராக்டர் கேட்டது. அதைச் செய்யும்போதுதான் ஏர்ஃபிக்ஸ் கிட் பக்கம் வந்தது. ஹெரால்டை லண்டனிலிருந்து என் அக்கா மகன் கொண்டுவந்தான். இரண்டு கதவு, வலப்பக்கம் ஸ்டீயரிங், அப்பா வைத்திருந்ததும் அதுவே.

பழைய கிட் என்பதால் துண்டுகள் அவ்வளவு சரியாகப் பொருந்தாது. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்துத் தமியாவின் கிட் என்றால் கதை வேறு. மர வியாபாரமாக 1946-ல் தொடங்கிய கம்பெனி அது. எழுபதுகளில் போர்ஷே மாடல் செய்ய நினைத்தபோது, கிடைத்த படமும் அளவும் போதவில்லை என்று அசல் போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி அளந்தார்கள். 1976-ல் அந்த மாடல் வந்தது. அப்படிப்பட்ட கிட்டில் துண்டைக் கிட்டே கொண்டுபோனால் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பழசில் நாம் பட்டி பார்க்கவேண்டும். எனக்கு அது வருத்தமில்லை. பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்க்கையில் இணைப்பு தட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

ஒட்டுவது ஒரு வாரம். பெயிண்ட் ஆறு மாதம்.

டாங்கி மாடல் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. கை பிசகினால் அந்த இடத்தில் சேற்றைப் பூசிவிடலாம், போர்க்களம் என்று சொல்லிவிடலாம். கார் அப்படி இல்லை. அது பளபளக்கவேண்டும். பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கனம் என்று ஒன்று இருக்கிறது. உண்மையான காரின் மேல் இருக்கும் பெயிண்ட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். அதை 32-ஆல் வகுத்தால் என் ஹெரால்டு மேல் 0.003 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். அது நடக்கிற காரியமா? அடியில் ப்ரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் என்று அடித்து முடிக்கும்போது சாதாரணமாக அசல் கார் அளவுக்கே பெயிண்ட் ஏறிவிடும். திருப்பிக் கணக்குப் போட்டால், நிஜக் காரில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் அப்பியது போல. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் கோடு மூடிக்கொள்ளும், பானட்டில் இருக்கும் எழுத்து முழுகிப்போகும். காருக்கு ஊத்தப்பம் போர்த்திய மாதிரி இருக்கும். அதனால் பெயிண்ட் அடிக்கும் முன்பே அந்தக் கோடுகளை ஊசி போன்ற ஒரு கருவியால் இன்னும் ஆழமாகக் கீறிவிடவேண்டும். அப்புறம் எவ்வளவு குறைவாக அடிக்க முடியுமோ அவ்வளவு குறைவாக அடிக்கவேண்டும்.

இதெல்லாம் இப்போது வாய் வலிக்காமல் சொல்கிறேன். முதல் காரில், கீறல் மறைக்க விற்கும் கார் டச்சப் ஸ்ப்ரேயை நேராகப் பிளாஸ்டிக் மேலேயே அடித்தேன். தகரத்துக்கு என்று செய்த பெயிண்டில் இருக்கும் தின்னர் ரொம்ப உக்கிரமானது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பானட் சுருங்கி, வெடித்து, பாகற்காய்த் தோலாகிவிட்டது.

அந்த பானட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே நிஜக் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

"ப்ரைமர் போட்டீங்களா சார்?"

"இல்லண்ணே."

"சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"அது புதுசுதானே அண்ணே."

"புதுசுலதான் சார் எண்ணெ இருக்கும்."

உண்மைதான். அச்சிலிருந்து பிளாஸ்டிக் சுலபமாகக் கழன்று வரத் தடவும் வழவழப்பு துண்டுகளில் தங்கியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால்தான் பெயிண்ட் பிடிக்கும். அவர் சொன்ன இன்னொன்றை நான் வேத வாக்காக வைத்திருக்கிறேன்: "மொத கோட்டு பெயிண்ட் அடிக்கிறதா நெனைக்காதீங்க சார். வாசல்ல கோலப்பொடி தூவுற மாதிரி. அடில இருக்குறது தெரியணும்." அது பத்து நிமிடம் காய்ந்த பிறகு இரண்டாவது தூவல். மூன்றாவதுதான் ஈரமாக, ஒரே இழுப்பில். ஸ்ப்ரேயைக் காருக்கு வெளியே தொடங்கி, காரைத் தாண்டிப் போய் நிறுத்தவேண்டும். நடுவில் நின்றால் அங்கே வழிந்துவிடும்.

சென்னையில் இந்தப் பொழுதுபோக்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஐப்பசி, கார்த்திகை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும், பெயிண்டின் மேல்பரப்பு சில்லென்று ஆகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே, அதேபோல் காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பெயிண்டில் படியும். நீலம் காயக் காய வெள்ளையாக மங்கும். பெயின்டர்கள் அதைப் பூத்துப்போச்சு என்பார்கள். மெதுவாகக் காயும் தின்னரை மேலே லேசாகப் புகை மாதிரி அடித்தால் சில நேரம் தெளியும். இல்லாவிட்டால் தை மாதம் வரை காத்திருக்கவேண்டியதுதான்.

இரண்டாவது எதிரி கொசு. போன வருடம் ஹெரால்டின் கூரையில், கிளியர் அடித்த மூன்றாவது நிமிடம், ஒன்று வந்து உட்கார்ந்தது. பதறி ஊசியால் எடுக்கப் போனால் ஒரு கொசு அளவு சேதம் ஒரு விரல் அளவு ஆகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடவேண்டும். ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தேன். முதலில் கால்கள் போயின, பிறகு இறக்கை, கடைசியில் ஒரு புள்ளி. அதன்மேல் கம்பவுண்டு என்ற மெருகுப் பசை போட்டுத் துணியால் சுழற்றிச் சுழற்றி மெருகேற்றினால் டியூப் லைட் கோணலில்லாமல் கூரையில் தெரியும்வரை கொண்டுவரலாம். ஓரங்களை மட்டும் தொடக்கூடாது. அங்கே பெயிண்ட் மெலிசு, இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

ஆமாம், முகமூடியும் திறந்த ஜன்னலும் இல்லாமல் யாரும் இதைச் செய்யாதீர்கள். தின்னர் வாடை மணக்கிற மாதிரித்தான் இருக்கும், நல்லதில்லை.

இனி ஸ்பூன். ஸ்பூனின் முதுகு காரின் மட்கார்டு மாதிரி வளைந்திருப்பதால், வெளிச்சம் அதன்மேல் ஓடும்போது நிறம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொள்ளலாம். என் சிக்கல் அந்தக் கறுப்பு வெள்ளைப் போட்டோ. கார் என்ன நிறம்? அம்மாவைக் கேட்டால் ஆகாச நீலம் என்றார். சித்தப்பாவைக் கேட்டால் பச்சை, அதிலும் பாசிப்பயறுப் பச்சை என்றார். இரண்டு பேரும் அந்தக் காரில் திருப்பதிக்குப் போனவர்கள். நான் நீலத்திலிருந்து பச்சை வரை ஒவ்வொரு சொட்டாகக் கலந்து 17 ஸ்பூன் அடித்தேன். சின்னப் பரப்பில் எந்த நிறமும் கொஞ்சம் கருத்துத் தெரியும் என்று ஒவ்வொன்றிலும் துளி வெள்ளை வேறு.

அம்மா ஹாலில் வைத்துப் பார்க்க மாட்டேன் என்றார். "கார் என்ன வீட்டுக்குள்ளயாடா நின்னுச்சு?" என்று பாட்டிலோடு மொட்டைமாடிக்குப் போனார். வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்பதாவது ஸ்பூனை எடுத்தார். அது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வாட்ஸாப்பில் அந்த ஸ்பூனைப் பார்த்த சித்தப்பா, "நான் சொன்ன பச்சை இதுதான்" என்றார். அம்மா, "நான் சொன்ன நீலம் இதுதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நிறத்திலேயே காரை முடித்துவிட்டேன். கிட்டில் வந்த இங்கிலாந்து நம்பர் பிளேட்டை ஒட்டவில்லை. நிறத்துக்கு அத்தனை நாள் யோசித்த அம்மா, நம்பரை மட்டும் கேட்டவுடன் ஒரே மூச்சில் ஒப்பித்தார். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. சரி, கம்ப்யூட்டரில் அடித்துச் சின்னதாக அச்செடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "அச்செழுத்து இல்லடா, உங்கப்பா கையால எழுதினது. ஏழு மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கும்" என்றார்.

தகட்டின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். மூன்று சைபர் என்ற மிக மெல்லிய பிரஷ் வாங்கிவைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஸ்பூன் முதுகில் ஏழு எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.