செத்த எலி வாடை வந்தால் கொஞ்சம் பொறுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் கோடைமழை பெய்து ஓய்ந்த பிறகு சில வீட்டுத் தோட்டங்களில் திடீரென்று எலி செத்த நாற்றம் கிளம்பும். பரணில் தேடி, சாக்கடை மூடியைத் திறந்து பார்த்து, கடைசியில் மதில் ஓரமாக இலையே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக, கருஞ்சிவப்பில், ஒரு முறத்தளவு அகலத்துக்கு என்னவோ விரிந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அது நம் சேனைக்கிழங்கின் பூ.

இவ்வளவு சேனை சாப்பிடுகிற நமக்கு அதன் பூ தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. வயலில் எட்டு, ஒன்பது மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்ததும் கிழங்கைத் தோண்டி கோயம்பேட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கிருந்து நேரே வறுவல் சட்டிக்குத்தான். தோண்டாமல் விட்ட கிழங்கு சில வருடம் பெருத்த பிறகுதான் பூக்கும். நறுக்கும்போது நடுக்குழியில் இருக்கும் முளையைக் கொஞ்சம் சதையோடு குப்பைக்குழியில் எறிந்திருப்பீர்கள், அதுவேகூட இப்படி வந்திருக்கலாம்.

அந்த நாற்றம் சும்மா வரவில்லை. முறம்போல விரிந்த அந்த மடலுக்கு நடுவே நிற்கும் தண்டைப் பாருங்கள். அடியில் பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள், உச்சியில் மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை. பெண் பூக்கள் முதலில் தயாராகும். அப்போது தண்டு சூடேறி வாடையைப் பரப்பும், அழுகல் என்று நம்பி வண்டுகளும் ஈக்களும் வந்து உள்ளே இறங்கும். அதன் பிறகுதான் மகரந்தம் உதிரும், அதைப் பூசிக்கொண்டு அவை அடுத்த பூவைத் தேடிப் போகும். நாற்றத்தின் உச்சம் ஓரிரு நாள்தான்.

சேனை சேர்ந்த அமார்போபாலஸ் என்ற பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சுமத்ராக் காட்டில் 1878இல் இத்தாலியரான பெக்காரி கண்டெடுத்த பெருவகை, ஆள் உயரத்தையும் தாண்டிப் பூக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் அது 1889இல் பூத்தது. இன்றைக்கும் எந்தப் பூங்காவில் அது பூத்தாலும் அந்த வாடையை முகர ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதன் உறவுக்காரச் செடியான சேனையை நாம் மண்வெட்டியால் கொத்துவது எனக்குத் தாங்கவில்லை.

அரிப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கிழங்கிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கின்றன, அவைதான் தோலிலும் நாக்கிலும் குத்துகின்றன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், புளித்தண்ணீரில் நன்றாக வேகவிடுங்கள், அரைவேக்காட்டில் இறக்கவே வேண்டாம். கஜேந்திரா என்ற ரகத்தில் அரிப்பு மிகவும் குறைவு.

சரி, பூ வந்துவிட்டது, என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டாரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுங்கள், வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மடல் வாடியதும் பக்கத்திலேயே இலைமுளை வரும், அப்போது ஒரு கூடை மக்கிய எருவைப் போட்டு மண் அணைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.