‘லெஃப்ட்’ என்றால் மிச்சம்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப் பள்ளி விழாவில் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே பாட்டுப் பாடி, திருக்குறள் சொன்ன பிள்ளைகளில் சிலர் தங்கள் அமெரிக்கப் பள்ளியில் ‘ஆங்கிலம் கற்கும் மாணவர்’ பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளையின் பெயர் அதில் ஏறிவிட்டால் பெற்றோருக்கு முகம் வாடிப்போகிறது. அந்த வாட்டம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இங்கே நியூ ஜெர்சியில் நான் ஈ.எஸ்.எல். ஆசிரியை, அதாவது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருபவள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், மதுரையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்கில் கெட்டிக்காரன். வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி: 24 ஆப்பிளில் 9 ஆப்பிளைச் சாப்பிட்டாகிவிட்டது, ‘ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?’ அவன் தாளின் இடது ஓரத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். வேறொன்றும் எழுதவில்லை. தாளை வாங்கிக்கொண்டபின் பக்கத்தில் உட்கார்ந்து, “மிச்சம் எத்தனைடா கண்ணா?” என்றேன். பென்சிலைக்கூடத் தொடவில்லை. “பதினஞ்சு மிஸ்” என்றான்.

மாநிலத் தேர்வில் அந்த அம்புக்குறிக்கு என்ன மதிப்பெண்? பூஜ்யம். கணக்குத் தெரியாதவன் என்றுதான் பதிவாகும்.

இந்தப் பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுக்காத காலமும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏறக்குறைய 1,800 பேர், புரியாத ஆங்கிலத்தில் பாடம் கேட்டுக்கொண்டு எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. லாவ் வழக்கு என்பார்கள். இன்று நம் பிள்ளைக்கு ஈ.எஸ்.எல். வகுப்பு கிடைக்கிறதென்றால் அந்தப் பெற்றோருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம் 2002இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் வந்தது, எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது என்று பொருள். 3 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் தேர்ச்சியைத் தனியாகக் காட்ட வேண்டும். 2014க்குள் எல்லோரும் தேறியாக வேண்டும். இலக்கைத் தவறவிட்டால் பள்ளிக்குக் கெட்ட பெயர். இதில் ஒரு நன்மை உண்டு, மறுக்க மாட்டேன். பள்ளிச் சராசரிக்குப் பின்னால் மறைந்திருந்த பிள்ளைகள் முதல்முறையாகக் கண்ணில் பட்டார்கள்.

ஆனால் கணக்குப் போட்ட விதம் கோணலாக இருந்தது. ஆங்கிலம் நன்றாக வந்ததும் பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடுவான். அவன் இடத்துக்கு நேற்று விமானத்தில் இறங்கிய பிள்ளை வருவான். தேறியவர்கள் பெயரையெல்லாம் வருகைப்பதிவேட்டில் அடித்துவிட்டு, மீதியிருப்பவர்களை வைத்து ‘இந்த வகுப்பு தேறாது’ என்றால் எந்த ஆசிரியர்தான் என்ன செய்ய முடியும்? பட்டியலை விட்டவர்களையும் இரண்டாண்டுவரை சேர்த்துக்கொள்ளலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். 2015இல் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம் அதை நாலாண்டாக்கியது. அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் பிள்ளை எவ்வளவு முன்னேறினான் என்பதையே பள்ளியின் மதிப்பீட்டில் ஓர் அளவாக வைத்தது. ஆண்டுதோறும் கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் தேர்வு வைப்பது அதற்காகத்தான்.

பொறுமை வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டொரோண்டோவின் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர், விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை ஆகும் என்று கண்டார். வாய் ஓயாமல் ஆங்கிலம் பேசும் பிள்ளை அறிவியல் தேர்வில் திணறினால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ‘டேபிள்’ என்றால் மேசை என்று அவனுக்குத் தெரியும். ‘கீழேயுள்ள டேபிளைப் பார்’ என்று தாளில் இருந்தால் அது அட்டவணை என்று யாராவது சொல்லித்தந்திருக்க வேண்டுமே!

இதை ஈ.எஸ்.எல். ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தினமும் அரைமணி நேரம் என்னிடம் வந்துவிட்டு, மீதி நாளெல்லாம் புரியாத பாடத்தில் உட்கார்ந்தால் எந்த இலக்கும் எட்டாது. கணக்கு ஆசிரியரும் தன் பாடத்தின் சொற்களைச் சொல்லித்தர வேண்டும். அந்த ஆப்பிள் கேள்விக்குப் பிறகு அவன் கணக்கு ஆசிரியையும் நானும் சேர்ந்து சுவரில் ஓர் அட்டை மாட்டினோம். ‘லெஃப்ட்’, ‘ஈச்’, ‘ஃப்யூவர்’, ‘ஆல்டுகெதர்’ என்று கணக்கில் வரும் சொற்கள், பக்கத்தில் படம். கீழே அவரவர் மொழியில் அவரவரே எழுதினார்கள். ஸ்பானிய மொழிக்கும் குஜராத்திக்கும் நடுவில் ‘மிச்சம்’ என்று கோணல்மாணலாக எழுதியவன் அவன்தான்.

வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னம் என்றால் என்ன என்று தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதன் பெயர் தெரிந்தால் போதும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். பிள்ளையை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து அதில் ‘ஆங்கிலம்’ என்று எழுதும் பெற்றோரை வருடாவருடம் பார்க்கிறேன். அப்படி எழுதினால் உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உதவி வேண்டுமா என்று யாரும் பார்க்காமலே போய்விடலாம். தமிழ் பேசும் வீடென்றால் தமிழ் என்றே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் படிவத்தோடு என்னிடம் வாருங்கள், விழா முடிகிறவரை வாசலருகேதான் இருப்பேன்.