நாலாவது பலகையில் நிறம் நின்றுவிட்டது!

வணக்கம் மக்களே! இதோ, விரலால் அழுத்தித் தேய்க்கிறேன், பாருங்கள். துளி நிறம்கூட ஒட்டவில்லை! ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் வரையும் ஓவியம். முந்தைய மூன்று ஃப்ரெஸ்கோ வீடியோக்களையும் பார்த்தவர்களுக்கு என் சந்தோஷம் புரியும். அதிலெல்லாம் பலகை முழுவதும் ஒரே மூச்சில் சுண்ணாம்புச் சாந்து பூசினேன். பாதி வரைவதற்குள் மீதி இறுகிவிட்டது. அதன்மேல் வைத்த நிறம் மறுநாள் பொடியாக உதிர்ந்தது. இந்த முறை உள்ளங்கை அகலம் பூசுவது, வரைவது, அடுத்ததைப் பூசுவது. அவ்வளவுதான்! ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக மாறும்போது நிறத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பசையே வேண்டாம்.

இப்போதுதான் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவுக்கு நடந்தது எனக்கு உறைக்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் அவர் வரைந்த சுவரில் லெனின் முகம் இருந்தது என்று 1933இல் வேலையை நிறுத்தினார்கள். 1934இல் ஓவியத்தைச் சாந்தோடு கொத்தித் தள்ளினார்கள். கித்தானைப் போலச் சுருட்டி எடுத்துப்போகிற பொருளா அது? வயிறு எரிகிறது. அதே ஆண்டு மெக்சிகோ நகரத்தில் மறுபடி வரைந்தார். அந்தப் பிடிவாதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்படிச் சுவரில் வரைந்தவர்கள் இருக்கும்போது, ‘கேமரா வந்தது, வரலாற்று ஓவியம் செத்தது’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். வரலாற்று ஓவியம் என்றால் வரலாறு, புராணக் கதைகளைப் பெரிதாக வரைவது. சரி, கொஞ்சம் பின்னால் போகிறேன். 1667இல் பிரான்சில் ஃபெலிபியான் என்ற கலை எழுத்தாளர் ஓவியங்களுக்கு ஒரு மதிப்பு வரிசை போட்டார்: வரலாறும் புராணமும் உச்சியில், பூவும் பழமும் அடியில். அரசனும் தேவாலயமும் காசு கொடுத்தவரை அந்த வரிசை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் வாங்க வந்தவர்கள் வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற நிலக்காட்சி கேட்டார்கள். கேமராவுக்கும் பங்கு உண்டு, ஆனால் பாதிக் கதைதான் அது.

மீதிக் கதை சுவரில் இருக்கிறது. 1920களில் மெக்சிகோ அரசு பொதுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தது. மன்னர் நின்ற இடத்தில் உழவரும் தொழிலாளியும் வந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1932இல் சிகெய்ரோஸ் என்ற மெக்சிகோ ஓவியர் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனை வரைந்தார். வெள்ளையடித்து மறைத்தார்கள். 2012இல்தான் மக்கள் அதை மறுபடி பார்க்க முடிந்தது. அதே ஊரில் 1976இல் ஓவியர் ஜூடி பாக்கா இளைஞர்களைக் கூட்டி, வெள்ளக் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளத்துக்கு, பாடப்புத்தகம் விட்டுவிட்ட மக்களின் கதையை வரைய ஆரம்பித்தார். இதையா செத்துப்போன கலை என்கிறார்கள்?

ஐந்தாவது பலகைக்குச் சாந்து தயார். அதில் ஒரு முகம், முழுதாக, ஈரம் காய்வதற்குள். அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.