அரிசி வந்துவிட்டது, தொட்டுக்கொள்ள என்ன?

பெரியவர்களே, பஞ்சாயத்து உறுப்பினர்களே, சத்துணவு அமைப்பாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் கிராமத்து முதியவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். தனி ஆள் கார்டுக்கும் மாதம் 12 கிலோ உண்டு. கடைவரை நடக்க முடியாதவர்களுக்காக 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. 70 வயது தாண்டியவர்களுக்கு வாசலிலேயே அரிசி இறங்கியது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

அரிசி இறங்கிய பிறகு அந்த வீட்டு அடுப்பைப் பாருங்கள். தனியாக இருக்கும் ஆத்தா காலையில் ஒரு தடவை உலை வைப்பார். மதியம் சோறும் புளித்தண்ணியும். ராத்திரி மிச்சச் சோற்றில் நீர் ஊற்றி ஊறுகாயோடு முடித்துக்கொள்வார். கேட்டால், "ஒத்த வயித்துக்கு என்னத்தக் கொழம்பு வைக்கிறது?" என்பார். ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ பருப்பு எங்கே? பேரப்பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று மகள் வீட்டுக்குப் போயிருக்கும். பல் போனவருக்குக் கடலையும் ஆகாது.

கணக்குப் போடுவோம். 45 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 37 கிராம் புரதம் வேண்டும். அவர் சாப்பிடுவது 200 கிராம் அரிசி. அதில் கிடைப்பது சுமார் 15 கிராம். பாதிகூட இல்லை. தசை கரைகிறது, கால் தள்ளாடுகிறது. அப்புறம் வழுக்கி விழுந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். மாத்திரை, பஸ், கல்யாண மொய் போக அதில் பாலுக்கும் முட்டைக்கும் எவ்வளவு மிஞ்சும்?

சரி, என்ன செய்வது? புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில், 1983-லேயே உதவித்தொகை வாங்கும் முதியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இது பலருக்குத் தெரியாது. மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்று விதியும் வைத்தார்கள். வராமல் இருந்தால் கூடுதல் அரிசி! எனக்கு இது விளங்கவே இல்லை. அதோடு, பேரன் நிற்கிற வரிசையில் தட்டை ஏந்தி நிற்க எந்தத் தாத்தாவுக்கு மனசு வரும்?

பிள்ளைகளின் முட்டையைப் பங்கு போடச் சொல்லவில்லை. முதியவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு தனி நேரம், உட்கார ஒரு பெஞ்சு, குழைய வேகவைத்த பருப்பு, ஒரு முட்டை. நடக்க முடியாதவருக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கு. கோயில் கொடைக்கு ஊரையே கூட்டி அன்னதானம் போடுகிற நமக்கு முட்டைக் காசு பெரிதா?

அமைப்பாளர் அம்மா, உங்கள் மையத்தில் எத்தனை முதியவர்கள் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் வந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் முதல் தீர்மானமாக அதை எடுத்துக்கொள்ளத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.