கான்வாஸில் ஊசி, பையில் பாதி வேலை

வணக்கம் நேயர்களே.

ஒரு பையில் பாதி பின்னிய சால்வை. இன்னொரு பையில் வளையத்திலேயே மாட்டிக் கிடக்கும் எம்பிராய்டரி. அலமாரியின் அடித்தட்டில் கை வைக்காத ஸ்வெட்டர். இத்தனைக்கும் நடுவில் நீடில்பாயிண்ட் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. "முதலில் கையில் இருப்பதை முடி" என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள், அதை நானும் சொல்ல வரவில்லை. கைவேலை பாதியில் நிற்பதற்கு நேரமில்லை என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறோம். உண்மையில், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எந்த ஊசி, எத்தனை இழை, எந்த வரிசை என்பது மறந்துபோயிருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் சலிப்பிலேயே அந்த வேலை மறுபடி பைக்குள் போய்விடுகிறது. நீடில்பாயிண்டில் இந்த மறதிக்குத் தண்டனை இன்னும் கொஞ்சம் அதிகம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

நீடில்பாயிண்ட் என்பது கஞ்சி போட்ட, விறைப்பான, கண் கண்ணாக இருக்கும் கான்வாஸ் துணியில், அந்தத் துணியே வெளியே தெரியாதபடி முழுக்க நூலால் மூடும் தையல். கிராஸ் ஸ்டிச் பழகியவர்கள் இந்த "முழுக்க" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிராஸ் ஸ்டிச்சில் பூவைத் தைத்துவிட்டுப் பின்னணியை அப்படியே விட்டுவிடலாம். இங்கே பூவைச் சுற்றியுள்ள வெற்றிடமும் தையல்தான். புதியவர்கள் பூவை மட்டும் கணக்குப் போட்டு இறங்குகிறார்கள், பின்னணியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கான்வாஸை ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்று சொல்லி விற்பார்கள். 10, 13, 14, 18 ஆகியவை அடிக்கடி கிடைப்பவை. 10 கண் என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 தையல். 18 கண் என்றால் 324. ஒரு பக்கம் 14 அங்குலம் உள்ள தலையணை உறையை 18 கண் கான்வாஸில் தைத்தால் 63,504 தையல் வரும். நிமிடத்துக்கு 10 தையல் என்று வைத்தாலும் நூற்றைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வேகத்தில் 13 கண் கான்வாஸில் 4 அங்குலச் சதுரம் ஒன்று 2,704 தையல், நாலரை மணி நேரம். ஏற்கெனவே நாலைந்து வேலை கிடப்பில் இருப்பவருக்கு இந்த 4 அங்குலச் சதுரம்தான் ஏற்றது. டம்ளருக்கு அடியில் வைக்கும் விரிப்பாக அதை முடித்துவிடலாம்.

சின்னச் சின்னதாகத் தைத்துச் சேர்ப்பது குறைவான காரியம் என்று யாராவது நினைத்தால் ஒரு தகவல். ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் காவலில் இருந்த காலத்தில், பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற சீமாட்டியோடு சேர்ந்து 1570 முதல் 1585 வரையிலான ஆண்டுகளில் செய்த ஆக்ஸ்பர்க் திரைகள் இன்றும் இருக்கின்றன. சிறு சிறு கான்வாஸ் துண்டுகளில் பட்டு நூலால் விலங்கு, பறவை, மீன் என்று தனித்தனியாகத் தைத்து, பிறகு பச்சை வெல்வெட்டின் மேல் பதித்த வேலை அது.

சரி, வாங்க வேண்டியவற்றைப் பார்ப்போம். கான்வாஸில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். மோனோ என்பதில் பாவும் ஊடையும் சாதாரணத் துணிபோல ஒன்றன் மேல் ஒன்று மாறி மாறிப் போகும். இன்டர்லாக் என்பதில் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும், வெட்டினாலும் ஓரம் எளிதில் பிரியாது. எதை வாங்கினாலும் தைக்கும் அளவுக்கு வெளியே நான்கு பக்கமும் 2 அங்குலம் விட வேண்டும். ஆக 4 அங்குலச் சதுரத்துக்கு 8 அங்குலத் துண்டு. ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொரசொரப்பில் நூல் ஓயாமல் சிக்கும்.

ஊசி, நுனி மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி. கூரான ஊசி கான்வாஸ் இழையையே குத்திப் பிளந்துவிடும். எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும். 10 கண்ணுக்கு 18-ஆம் எண், 13, 14 கண்ணுக்கு 20, 18 கண்ணுக்கு 22. நூல் கோர்த்த ஊசி லேசாகத் தள்ளினால் கண்ணுக்குள் இறங்க வேண்டும். கான்வாஸ் இழை விலகி வழிவிடுகிறது என்றால் ஊசி பெரியது.

நூல் விஷயத்தில், கிடப்பில் கைவேலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சபலம் வரும். மிச்சமிருக்கும் பின்னல் கம்பளி நூலை இதற்குப் பயன்படுத்தினால் என்ன? வேண்டாம் என்பேன். பின்னல் நூல் மென்மைக்காகவும் துள்ளலுக்காகவும் செய்தது. கான்வாஸின் விறைத்த கண்ணில் திரும்பத் திரும்ப உரசும்போது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, பாதித் தூரத்திலேயே இளைத்துவிடும். இதற்கென்று விற்கும் கம்பளி நூல் நீளமான மயிரிழைகளை இறுக்கி முறுக்கியது. பெர்ஷியன் கம்பளியில் மூன்று இழை சேர்ந்திருக்கும், பிரித்துக்கொள்ளலாம். 10 கண்ணுக்கு மூன்று, 13, 14 கண்ணுக்கு இரண்டு, 18-க்கு ஒன்று. கிராஸ் ஸ்டிச்சில் மிஞ்சிய ஆறிழைப் பருத்தி நூல் இருந்தால் அதை வீணாக்க வேண்டாம், 18 கண் கான்வாஸுக்கு அது நன்றாகப் பொருந்தும். நான்கு இழையில் தொடங்கி, ஓரத்தில் பத்துத் தையல் போட்டுப் பாருங்கள். கான்வாஸ் வெள்ளையாக எட்டிப் பார்த்தால் ஒரு இழை கூட்டுங்கள். இழைகளை ஒவ்வொன்றாக உருவித் திரும்பச் சேர்த்துப் போட்டால், அப்படியே எடுத்ததைவிடத் தட்டையாகப் படிந்து நன்றாக மூடும்.

பின்னணி நிறத்து நூலை மட்டும் ஒரே தடவையில் முழுக்க வாங்கிவிடுங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் சாயமேற்றிய நூல் கட்டு, மாறினால் வித்தியாசம் சுவரில் ஈரம் ஏறியதுபோலத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை. அளந்து வைத்த நூலில் ஒரு சதுர அங்குலம் தைத்து, செலவான நீளத்தைச் சதுர அங்குல எண்ணிக்கையால் பெருக்குங்கள். பிரித்துத் தைக்க நேரும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட வாங்குங்கள்.

இனி தையல். அடிப்படைத் தையல் டென்ட் ஸ்டிச். கீழ் இடது கண்ணில் மேலே வந்து, கான்வாஸ் இழைகள் குறுக்கிடும் ஒரு சந்தியைத் தாண்டி, மேல் வலது கண்ணில் இறங்குவது. எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இதை மூன்று விதமாகத் தைக்கலாம், முன்பக்கம் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். விஷயம் எல்லாம் பின்பக்கத்தில்.

அரைக் கிராஸ் என்பதில் இறங்கிய கண்ணிலிருந்து நேர் கீழே வந்து அடுத்த தையல். நூல் மிச்சம்தான், ஆனால் மோனோ கான்வாஸில் தையல் இழைகளுக்கு நடுவே நழுவும். இன்டர்லாக்கில் மட்டும் செய்யுங்கள். கான்டினென்டல் என்பதில் வலமிருந்து இடமாகப் போவோம், பின்னால் நூல் நீளமாகச் சாய்ந்து ஓடும். ஒற்றைக் கோடு, ஓரக்கோடு ஆகியவற்றுக்கு இது சரி. இதை வைத்துப் பெரிய பரப்பை நிரப்பினால் கான்வாஸ் ஒரு பக்கம் இழுபட்டு, சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

மூன்றாவது பாஸ்கெட்வீவ், பின்பக்கம் கூடை முடைந்ததுபோல இருப்பதால் அந்தப் பெயர். பின்னணி முழுவதும் இதில்தான் தைக்க வேண்டும் என்பது என் கட்சி. மேல் வலது மூலையில் தொடங்கி, மூலைவாட்டில் ஏறி இறங்கித் தைப்போம். இறங்கும் வரிசையில் ஊசி பின்னால் நேர் செங்குத்தாக இரண்டு இழைகளுக்கு அடியில் வரும். ஏறும் வரிசையில் படுக்கைவாட்டில் இரண்டு இழைகளுக்கு அடியில் இடப்பக்கம் போகும். செங்குத்தும் படுக்கையும் மாறி மாறி வருவதால் இழுவை சமமாகி, கான்வாஸ் கோணாது.

நான் முதலில் சொன்ன மறதி இங்கேதான் வந்து நிற்கிறது. ஏறும் வரிசைக்கு அடுத்து இறங்கும் வரிசைதான் வர வேண்டும். ஒரு வரிசையை முழுசாக முடித்துவிட்டு, நூலை வெட்டி, கான்வாஸை மடித்து வைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்தால் கடைசியாக ஏறினோமா இறங்கினோமா என்று நினைவிருக்காது. தவறாகத் தொடங்கினால் ஒரே திசையில் இரண்டு வரிசை அடுத்தடுத்து வரும், முன்பக்கம் மூலைவாட்டில் ஒரு மெல்லிய தடம் விழும். தைக்கும்போது அது கண்ணில் படாது. முடித்துச் சுவரில் மாட்டி, பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது தெரியும்.

இதற்கு மருந்து மோனோ கான்வாஸிலேயே இருக்கிறது. நீங்கள் தைக்கப்போகும் சந்தியை உற்றுப் பாருங்கள். செங்குத்து இழை மேலே இருந்தால் அந்த மூலைவாட்டு வரிசை முழுதும் அப்படியே இருக்கும், அது இறங்கும் வரிசை. படுக்கை இழை மேலே இருந்தால் ஏறும் வரிசை. கம்பத்தில் சறுக்கி இறங்கு, படியில் ஏறு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் பூவின் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று தனித்தனியாகத் தைத்தாலும் இரண்டும் சந்திக்கும் இடத்தில் தடம் விழாது. இன்டர்லாக்கில் இந்த வசதி இல்லை. அங்கே வரிசையின் நடுவிலேயே நிறுத்துங்கள். வரிசை எந்தப் பக்கம் முடியாமல் நிற்கிறதோ, போக வேண்டிய பக்கம் அதுதான்.

நூலை 18 அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று தோன்றும், ஆனால் கடைசி அங்குலங்கள் உரசி உரசி மெலிந்து, தையல் பரப்பு பட்டை பட்டையாகத் தெரியும். தொடங்கும்போது முடிச்சை முன்பக்கத்தில் போடுங்கள். தைக்கப்போகும் வழியிலேயே ஒன்றரை அங்குலம் தள்ளி முடிச்சு இருக்கட்டும். பின்னால் ஓடும் நூலைத் தையல்கள் மூடிக்கொண்டே வரும். முடிச்சை நெருங்கியதும் வெட்டிவிடலாம். முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்கு அடியில் ஒரு அங்குலம் ஓட்டி வெட்டுங்கள், படுக்கையாகவோ செங்குத்தாகவோ மட்டும். மூலைவாட்டில் ஓட்டினால் முன்பக்கம் மேடு தட்டும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் நூலின் முறுக்கு தானே பிரியும்.

தவறைப் பிரிக்கும்போது ஊசியைத் திருப்பி அதே வழியில் உருவாதீர்கள், நாலு தையலுக்கு மேல் என்றால் சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். எடுத்த நூல் தேய்ந்தது, திரும்ப உதவாது. கை தவறிக் கான்வாஸ் இழையையே வெட்டிவிட்டால் அழ வேண்டாம். ஓரத்திலிருந்து அதே கண் அளவுள்ள சின்னத் துண்டை வெட்டி, அடியில் கண்ணுக்குக் கண் பொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் போதும்.

மற்ற பைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு வேலையிலும் ஒரு துண்டுச் சீட்டு கட்டுங்கள். கான்வாஸ் என்றால் கண் எண்ணிக்கை, இழை எண்ணிக்கை, நூலின் நிற எண்ணும் சாயத் தொகுதியும், மேல் பக்கம் எது என்ற குறி. மேல் பக்கம் முக்கியம், ஏனென்றால் தொடங்காத இடத்தில் கான்வாஸைக் கால்வட்டம் திருப்பிவைத்துத் தைத்தால் சாய்வு மாறிவிடும். பின்னல் என்றால் கம்பி அளவு, வரிசை எண். பின்னல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் கம்பியை அடுத்த வேலைக்கு உருவிக்கொண்டதுதான். கம்பி தேவைப்பட்டால் கண்ணிகளை வேறு நிறப் பருத்தி நூலில் ஏற்றிவைத்து, எந்தக் கம்பியிலிருந்து எடுத்தது என்று சீட்டில் எழுதுங்கள். குரோஷாவின் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டுங்கள். எம்பிராய்டரி வளையத்தை இன்றைக்கே கழற்றுங்கள், மாதக்கணக்கில் இருந்தால் அழுக்கும் மடிப்புமாக வட்டம் பதிந்துவிடும். கான்வாஸில் ஊசியைத் தைத்த பரப்பில் குத்திவைக்காதீர்கள், துருக்கறை போகாது. ஓரத்து வெற்றிடத்தில் குத்துங்கள். கான்வாஸை மடிக்கவே கூடாது, தையல் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டிவையுங்கள்.

எண்ணிப் பார்த்துச் செய்யும் வேலை ஒன்று, எண்ணத் தேவையில்லாத வேலை ஒன்று, இரண்டையும் மட்டும் வெளியே வைத்திருந்தால் நல்லது. நீடில்பாயிண்ட் பின்னணி இரண்டாம் வகை. பூவை முழுதும் முடித்துவிட்டுப் பின்னணிக்கு வருவோம் என்று ஒத்திவைக்காமல், பூவில் இரண்டு நூல் தைத்தால் பின்னணியில் ஒரு நூல் என்று சேர்த்தே கொண்டுபோங்கள். வெளிர் நிறத்தின் பக்கத்தில் அடர் நிறம் வந்தால் வெளிரை முதலில் தையுங்கள். ஏற்கெனவே நூல் உள்ள கண்ணில் ஊசி இறங்கட்டும், காலிக் கண்ணில் ஏறட்டும். மாற்றிச் செய்தால் அடர் நிறப் பஞ்சு வெளிரின் மேல் வந்து ஒட்டும்.

தைத்து முடித்த கான்வாஸ் கொஞ்சம் கோணியிருந்தால், கான்வாஸில் படம் வரைந்த மை தண்ணீரில் கரையாது என்று ஓரத்தில் சோதித்துவிட்டு, லேசாக ஈரப்படுத்துங்கள். கஞ்சி இளகும். பலகையில் சதுரம் வரைந்து, அதற்கு ஏற்ப இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரங்களைக் குத்தி, முழுக்கக் காயும்வரை விடுங்கள். பிறகு ஓரத்தை முக்கால் அங்குலம் விட்டு வெட்டி, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்து, பின்பக்கம் மடித்துத் தைத்து, மேலே ஃபெல்ட் துணியை மறைதையலாகப் பொருத்தினால் விரிப்பு தயார். அந்த ஃபெல்ட் துண்டைக் கான்வாஸ் வாங்கும் அன்றைக்கே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். தைத்து முடித்தும் பின்துணி இல்லாமல் அலமாரியில் கிடக்கும் கான்வாஸ்கள் ஏராளம்.

நன்றி, வணக்கம்.