மலை இறங்கும் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வட ஆர்க்காட்டில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு மலை தெரியும். அந்த மலைகளில் கியர் சைக்கிள் ஓட்டிப் பழகிய நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, ஒரு வார இறுதியை மலைச் சைக்கிள் திருவிழாவில் கழிக்க நினைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

திருவிழா என்றவுடன் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். பந்தயம் அதில் ஒரு பங்குதான். கம்பெனிகள் கூடாரம் போட்டுப் புது சைக்கிள்களை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். வழிகாட்டியோடு கூட்டமாகப் போகும் ஓட்டங்கள் இருக்கும். வளைவில் எப்படித் திரும்புவது, பாறையில் எப்படி இறங்குவது என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் இருக்கும். அமெரிக்காவில் மான்டரே பக்கம் 1991-இல் தொடங்கிய சீ ஆட்டர் கிளாசிக், கனடாவில் விஸ்லர் மலையில் 2004-இல் தொடங்கிய கிராங்க்வொர்க்ஸ் இரண்டும் உலகம் அறிந்தவை. நமக்கு அருகே, கேரளத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது.

இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்துக்குத்தான் தயாராகிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. திருவிழாவில் சைக்கிள் உடைவதும் ஆள் விழுவதும் இறக்கத்தில்தான் அதிகம். ஆகவே இறக்கத்துக்கு வேண்டிய தயாரிப்பிலிருந்தே தொடங்குவோம்.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு மெல்லிய பிரேக் தகடுகளில் சூடாக இறங்குகிறது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலை இறங்கிப் பந்தயம் விட்டபோது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் கிரீஸ் புகைந்துபோய், பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டி வந்தது. இன்று டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, ஆனால் சூடு அதே சூடுதான்.

தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். இரும்புத் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பகுதி அரை மில்லிமீட்டர் ஆனதும் மாற்ற வேண்டும் என்பது சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி சொல்லும் அளவு. இரண்டு நாள் மலையில் ஓட்டப் போகிறவர்கள் ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் ஈர மண்ணில் ஒரே நாளில் அரை மில்லிமீட்டர் கரைந்துவிடலாம். தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 1.5 வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதுப் பேடு போட்ட கையோடு மலைக்குப் போகக் கூடாது. சமதளத்தில் வேகம் எடுத்து, சக்கரம் இறுகிவிடாமல் பிடித்து, நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். முன் பிரேக்குக்கு இருபது தடவை, பின் பிரேக்குக்கு இருபது தடவை இப்படிச் செய்தால் பேடின் பொருள் தகட்டில் ஒரே சீராகப் படியும். அது படியாவிட்டால் பிடிப்பும் இருக்காது, கீச்சென்ற சத்தமும் போகாது.

செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ஒரு துளி எண்ணெய் தகட்டில் பட்டாலும் அந்தப் பேடு கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாம், ஆனால் பேடு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். செயினுக்கு ஸ்பிரே வேண்டாம், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு மேலே துடைத்துவிட்டாலே போதும். வீட்டுத் தேங்காய் எண்ணெயையும் மோட்டார் பைக் ஆயிலையும் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் செம்மண் புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயினைத் தின்றுவிடும்.

கம்பிக்குப் பதிலாகத் திரவ அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் பிரேக்குகள் பலவற்றுக்கு, கார், பைக் பிரேக்கில் ஊற்றும் டாட் திரவம். பைக் மெக்கானிக் கடையில் டாட் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஷிமானோவில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போய் முழு பிரேக்கும் பாழாகும். காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். யாராவது விளையாட்டாக லீவரை அழுத்திவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், பிறகு தகடு உள்ளே நுழையாது. அப்படி ஆகிவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவரால் மெல்ல நெம்பி விலக்கலாம். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பிஸ்டன் விரிசல் விடும்.

ஓட்டும்போது பிரேக்கை இறக்கம் முழுக்க லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் எல்லாரும் செய்வது. தகடு ஆறவே நேரம் கிடைக்காமல் நீலம் பாய்ந்துவிடும், பேடின் மேல்பகுதி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். நம் மலைப் பாதைகளில் இறுகிய தரைமேல் சரளை உருளும். அங்கே வளைவின் நடுவில் முன் பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரம் வழுக்கும், தோள்பட்டையில் போய் விழுவீர்கள். ஒரு விரலால் மட்டும் பிடியுங்கள், மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியில் இருக்கட்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், இடுப்பு சீட்டிலிருந்து எழுந்து, முழங்கை மடங்கி, கண் வளைவின் முடிவில். சீட்டை ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே விட்டுவிட்டால் இடுப்பைப் பின்னால் கொண்டுபோக முடியாது. பட்டனில் இறங்கும் சீட் போஸ்ட் இல்லாதவர்கள் உச்சியில் ஒரு நிமிடம் நின்று ஐந்தாறு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளலாம். பழைய உயரத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்திருங்கள்.

அடுத்தது டயர், இதில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாலாற்றங்கரை தொடங்கி மலையடிவாரம் வரைக்கும் சீமைக் கருவேலம், வயல் வரப்பெல்லாம் நெருஞ்சி. டியூப் போட்ட சைக்கிள் இங்கே ஒரு காலைப் பொழுதைத் தாண்டுவதே அதிசயம். டியூப் இல்லாத டியூப்லெஸ் முறைக்கு ரிம்மும் டயரும் ஏற்றதாக இருந்தால் மாறிவிடுங்கள். 29 அங்குலம், 2.3 அகலமுள்ள டயருக்கு ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவம் 100 முதல் 120 மில்லி ஊற்ற வேண்டும். வேலூர் வெயிலில் அது இரண்டே மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், தளதளவென்று சத்தம் கேட்காவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை.

காற்று எவ்வளவு? ஊர்ப் பழக்கத்தில் டயரைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறோம். மலையில் அது சைக்கிளைத் துள்ள வைக்கும், பிடிப்பைக் கெடுக்கும். 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ்ஸில் முன் சக்கரத்துக்கு 22 முதல் 24 பி.எஸ்.ஐ., பின் சக்கரத்துக்கு 24 முதல் 27 என்று தொடங்கலாம். டியூப் இருந்தால் 28 முதல் 32. அதற்கும் கீழே போனால் பாறை விளிம்பில் டயர் நசுங்கி, ரிம்முக்கும் பாறைக்கும் நடுவே டியூப் மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அந்த இரட்டை ஓட்டையைப் பார்த்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காற்று குறைவு என்று அர்த்தம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் இந்த அளவுகளை வைப்பது சிரமம், கண் மூடித் திறப்பதற்குள் 50 ஏறிவிடும். உங்கள் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் அந்தக் கடைக் குழாய் பொருந்தவே பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று சாவிக் கொத்தில் தொங்கட்டும்.

முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் ஃபோர்க் காற்று அடைக்கும் வகையாக இருந்தால், வழக்கமான உடுப்போடும் தண்ணீர்ப் பையோடும் பெடல்மேல் எழுந்து நின்று, அது எவ்வளவு அமுங்குகிறது என்று ரப்பர் வளையத்தை வைத்து அளக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய ஃபோர்க்குக்கு 18 முதல் 24 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. இதற்குத் தனிச் சிறு பம்பு வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் உள்ள விலை குறைந்த சைக்கிளில் இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவாகச் செல்லாது. அதற்காகக் கடன் வாங்கிப் புது ஃபோர்க் போட வேண்டாம். அந்தப் பணத்தை டயரிலும் பேடிலும் தலைக்கவசத்திலும் போடுவது எத்தனையோ மேல். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

இனி நண்பர்கள். ஆறு பேர் போனால் பம்பு இரண்டு, செயின் கழற்றும் கருவி ஒன்று, ஆலன் கீ செட் இரண்டு என்று பகிர்ந்துகொள்ளலாம். பகிர முடியாதவையும் உண்டு. பின் கியர் தொங்கும் அலுமினிய ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைந்ததைக் கவனிக்காமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர் போய் ஸ்போக்கில் சிக்கி, சக்கரம், செயின், கியர் மூன்றும் ஒரே நொடியில் போகும். ஆளுக்கொரு ஹேங்கர் பையில் இருக்கட்டும். பிரேக் பேடும் அப்படித்தான். செயின் இணைப்புக் கண்ணி எத்தனை ஸ்பீடு என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். டியூப்பில் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு, 27.5 அங்குல டியூப்பை 29 சக்கரத்தில் ஆபத்துக்குப் போட்டு ஊர் வந்து சேரலாம்.

பாதை பிரியும் இடத்திலெல்லாம் முன்னால் போனவர் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் உடனே கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ஓய்வெடுத்தவர்கள் ஓய்வோடு போகிறார்கள், களைத்து வந்தவர் களைப்போடு தொடர்கிறார், பதினொரு மணிக்கு அவர்தான் விழுகிறார். அவர் வந்து தண்ணீர் குடித்து மூன்று நிமிடம் ஆகட்டும். அவரே 'போகலாம்' என்று சொல்லட்டும்.

திருவிழாப் பாதைகளில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பலகை வைப்பார்கள். அது தூரத்தைச் சொல்வதல்ல, பாதையின் கடினத்தைச் சொல்வது. எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் முதல் நாள் முதல் ஓட்டம் பச்சையிலோ நீலத்திலோ இருக்கட்டும். கறுப்புப் பாதையைச் சனிக்கிழமை காலை உடம்பு சூடேறிய பிறகு ஓட்டுங்கள், ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். கை உணர்ச்சியற்றுப் போன நிலையில் 'கடைசியாக ஒரு தடவை' என்று போனவர்களைத்தான் முதலுதவிக் கூடாரத்தில் பார்க்கலாம். புது சைக்கிளை ஓட்டிப் பார்க்க அடையாள அட்டையும் உங்கள் பெடலும் கொண்டுபோங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்க மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு சைக்கிளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே சுற்றில், ஒரே டயர் காற்றில் ஓட்டினால்தான் வித்தியாசம் புரியும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். வாழைப்பழமும் கடலை உருண்டையும் சட்டைப் பையில் இருக்கட்டும். போகிற வழியில் ஆம்பூர் வருகிறதே என்று சனிக்கிழமை பிரியாணியில் உட்கார்ந்தால் பிறகு ஏறுவது நடக்காது. ஞாயிறு திரும்பும்போது தாராளமாக.

பயிற்சிக்கு ஏலகிரி சாலை இருக்கிறது, ஜோலார்பேட்டை பக்கத்துப் பொன்னேரியிலிருந்து ஏறலாம். ஜோலார்பேட்டை வரை ரயில் உண்டு. அமிர்தி, ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் நுழையும் முன் அது காப்புக் காடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறியவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே போகக் கூடாது. பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை வரை காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் காலம், அப்போது காட்டுக்குள் போக நினைக்கவே வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை ஏறும்போதே பார்த்து வைத்திருப்பது நல்லது.

ஊர் திரும்பியதும் சைக்கிளைப் பிரஷர் பம்பில் கழுவக் கூடாது, பேரிங்குக்குள் தண்ணீர் போய்க் கிரீஸைத் தள்ளிவிடும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். டயரில் குத்தி நிற்கும் முள்ளை மலையில் பிடுங்காமல் அப்படியே வந்திருப்பீர்கள், அது சரிதான். இப்போது அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, சீலன்ட் அங்கே வந்து தேங்கியதும் முள்ளை எடுங்கள். சீறல் நின்றதும் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றி, காற்றை மறுபடி அளந்து, முள் எடுத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் காற்று இறங்கியிருந்தால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் பிளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.